ராமாயி சொல்லி மாற்றிய பின் ஸ்பிரிங்

கரியாலூரில் கார் நின்றதும் டாக்டரம்மா இறங்கினார். நானும் இறங்கினேன். அந்தக் காருக்குப் பின்கதவு கிடையாது. முன்சீட்டை மடக்கினால்தான் பின்னால் இருப்பவர் வெளியே வர முடியும். சீட்டை மடக்கிவிட்டுக் காத்திருந்தேன். ராமாயி அக்கா வரவில்லை.

குனிந்து உள்ளே பார்த்தேன். மருந்துப் பெட்டியை மடியோடு சேர்த்துக் கட்டிப் பிடித்தபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு.

"அக்கா, ஊரு வந்துட்ச்சு" என்றேன்.

"ஊரு வந்துட்ச்சா? என் இடுப்பு இன்னும் வரல. அது கோமுகி அணைகிட்டயே எங்கியோ வுழுந்துட்ச்சு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ராமாயி அக்கா சிரிக்கவில்லை. மெதுவாக இறங்கி, காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"லேத்துக்காரரே, முன்னால குந்திக்கினு ஓட்டறவருக்கு இன்னா தெரியும்? ஒரு தபா பின்னாடி குந்திக்கினு வந்து பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் காரின் பின்பக்கத்துக்கு நான் செய்த வேலையை ஊரே பாராட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

பெட்டியில் வந்த கார்

அந்தக் கார் எங்கள் ஊருக்கு வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கார் வேண்டுமென்று பதிவு செய்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்த காலம். கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் மங்கையர்க்கரசி காத்திருக்கிற ஆள் இல்லை. வியாழக்கிழமைதோறும் கல்வராயன் மலை ஏறி, கரியாலூரில் ஒரு கொட்டகையில் நோயாளிகளைப் பார்ப்பார். பஸ் வந்தால் பஸ், இல்லாவிட்டால் மரம் ஏற்றப் போகும் லாரி. அப்படி அலைந்து அலுத்துப்போய், வடக்கே ஏதோ ஒரு கம்பெனி உதிரி பாகங்களாக விற்ற குட்டிக் காரை வரவழைத்துவிட்டார். ஃபைபர் உடம்பு, குழாயில் செய்த சேஸ் என்கிற அடிச்சட்டம், சின்ன எஞ்சின். எல்லாம் மூன்று மரப்பெட்டிகளில் வந்தன. வாங்கியவரே பூட்டிக்கொள்ள வேண்டியது.

பெட்டிகள் நேராக என் லேத்துப் பட்டறைக்கு வந்தன. துருகம் ரோட்டில் நான் பட்டறை போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐ.டி.ஐ. முடித்து, பஸ்ஸுக்குக் கூடு கட்டும் ஷெட்டில் கொஞ்ச காலம் இருந்தவன். கரும்பு ஆலை ரோலரும் பம்புசெட் ஷாஃப்டும் தவிர வேறு வேலை பார்த்ததில்லை. டாக்டரம்மா என்னை நம்பி அந்தப் பெட்டிகளை இறக்கினார். அதற்கு இன்றைக்கும் நான் கைகூப்புகிறேன்.

ஒன்றரை மாதத்தில் கார் ஓடியது. தெருவே கூடிப் பார்த்தது. பால்காரர் ஒருவர், "இத்த வூட்டுக்குள்ளயே நிறுத்திக்கலாம் போலக்குதே" என்றார்.

பூட்டியவன் என்பதால் மலைக்கு நானே ஓட்டிப் போனேன். முதல் வியாழக்கிழமையே கோளாறு தெரிந்துவிட்டது. பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலைத் தாங்க, பக்கத்துக்கு மூன்று மெல்லிய பட்டைகளை அடுக்கிக் கொடுத்திருந்தார்கள். லாரிக்கு அடியில் பார்த்திருப்பீர்களே, வில் போல வளைந்த இரும்புப் பட்டைகள், அதே ஜாதி. சமவெளி ரோட்டில் இரண்டு பேர் போனால் போதும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் போல. மருந்துப் பெட்டியும் பின்னால் ஓர் ஆளும் ஏறியவுடன் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பள்ளம் வந்தபோதெல்லாம் ஆக்ஸில் மேலே வந்து சேஸில் 'டொம்' என்று இடித்தது.

நான் யோசிக்கவே இல்லை. உடைத்துப் போட்டிருந்த ஒரு ஜீப்பின் பட்டைகளை வாங்கி, அளவுக்கு வெட்டி, பக்கத்துக்கு இரண்டு சேர்த்தேன். மூன்று ஐந்தாயிற்று. பின்பக்கம் நிமிர்ந்தது. இடிக்கும் சத்தம் போயிற்று. எனக்கு ஒரே பெருமை.

ராமாயி அக்காவின் இடுப்பு விழுந்தது அதற்கு அடுத்த வியாழக்கிழமை.

கடைசி வரிசைப் பயணம்

ராமாயி அக்கா மலைக்காரர். கரியாலூருக்குப் பக்கத்துச் சிற்றூர். சாமை, தினை விதைக்கிற குடும்பம். அப்போது நாற்பது வயது இருக்கும். டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் வேலை. காயத்துக்குக் கட்டுப் போடுவதிலிருந்து, ஊசிக்குப் பயந்து அழும் பெரிய ஆண்களை அதட்டுவது வரை எல்லாம் அவர்தான்.

அன்று திரும்பும்போது டாக்டரம்மாவை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் ஏறினேன். வீம்புதான். ராமாயி அக்கா முன்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

முதல் வளைவிலேயே என் தலை கூரையில் மோதியது. இரண்டாவது வளைவில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சக்கரம் ரோட்டில் இருந்த நேரத்தைவிடக் காற்றில் இருந்த நேரம் ஜாஸ்தி. ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜல்லியில் குதித்த வேகத்தில் காரின் பின்பாகம் அப்படியே பள்ளத்துப் பக்கமாக ஒரு முழம் நகர்ந்தது. முன்னால் இருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. எனக்குத் தெரிந்தது. ஜன்னலுக்குக் கீழே மரங்களின் உச்சிதான் இருந்தது.

பஸ் கூடு கட்டும் ஷெட்டில் வேலை பார்த்தபோது, கடைசி வரிசை சீட்டுக்கு மட்டும் பஞ்சு கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொல்வார்கள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து போனவன்தான் நானும். தூக்கிப் போடும், அது பஸ்ஸின் குணம் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் குணத்துக்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் இருந்தால் மாற்றலாம் என்று தோன்றியதில்லை.

அடிவாரத்தில் இறங்கியதும் ராமாயி அக்கா கேட்டார்.

"இன்னா லேத்துக்காரரே, இடுப்பு கீதா?"

"இல்லக்கா" என்றேன். நாக்கு வீங்கியிருந்ததால் அதற்கு மேல் பேச முடியவில்லை.

ஒரு சொம்புத் தண்ணீர்

மறுநாளே சேர்த்த பட்டைகளைக் கழற்றினேன். பழைய மூன்றில் ஒன்றை மட்டும் கொஞ்சம் தடிமனாக மாற்றினேன். இப்போது குதிக்கவில்லை. ஆனால் ஒரு மேடு ஏறி இறங்கினால் ஐந்தாறு முறை மேலும் கீழும் ஆடிக்கொண்டே போயிற்று. "தூளி ஆட்டற மாரி கீது, கொமட்டுது" என்றார் ராமாயி அக்கா. பாதி வழியில் இறங்கி வாந்தியும் எடுத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மேட்டையும் பள்ளத்தையும் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்கின் வேலை. வாங்கிக்கொண்ட பிறகு அது ஆடாமல் அடக்குவது வேறு வேலை. அதற்கு ஷாக் அப்சார்பர் வேண்டும். அந்தக் காரின் பின்பக்கத்தில் அது இல்லவே இல்லை. ஸ்கூட்டர் ஷாக்கை மாட்டிப் பார்த்தேன். இரண்டே பயணத்தில் எண்ணெய் கசிந்து செத்துப்போயிற்று.

கடைசியில் பட்டைகளையே தூக்கி எறிந்தேன். எடையைத் தாங்க, உடைசல் கடையில் கிடைத்த ஒரு பழைய காரின் சுருள் ஸ்பிரிங் இரண்டு. அவற்றின் பக்கத்தில் அதே காரின் ஷாக்குகள். ஆக்ஸில் முன்னும் பின்னும் போகாமல் பிடிக்க, பக்கத்துக்கு இரண்டாக நான்கு இரும்புக் கைகள். அவற்றின் முனைகளில் ரப்பர் புஷ். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் இருக்கக் குறுக்கே ஒரு ராடு. அந்தக் கொண்டை ஊசி வளைவை நினைத்துக்கொண்டேதான் அந்த ராடைக் கடைந்தேன்.

சுருள் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் எந்தப் புத்தகமும் இல்லை. ராமாயி அக்கா ஒரு வழி செய்தார். சொம்பு நிறையத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்காருவார். நான் கச்சிராயபாளையம் வரை ஓட்டித் திரும்புவேன். இறங்கியதும் புடவையைப் பார்ப்போம்.

"இன்னிக்கு முழுக் குளியல்."

"இன்னிக்குப் பாதிதான். ஆனா எடது பக்கம் ஜாஸ்தி நனையுது பாருங்க."

இடது பக்கத்து ஷாக் பலவீனமாக இருந்தது உண்மைதான். நான் கழற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அவருக்குப் புடவையே சொல்லிவிட்டது. எட்டோ ஒன்பதோ தடவை ஓடியிருப்போம். கடைசி முறை இறங்கியபோது கொசுவத்தில் கையகலம்தான் ஈரம். சொம்பில் மீதியிருந்த தண்ணீரை என்னிடம் நீட்டி, "குடிங்க, இது வேர்வ சிந்துன தண்ணி" என்றார்.

மரம் விழுந்த நாட்கள்

அந்த வருடங்களில்தான் எங்கள் பக்கத்தில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலை மறியல் என்றால் கையில் கொடி பிடித்து உட்காருவது மட்டும் இல்லை. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளுவார்கள். நாள் கணக்கில் பஸ் ஓடாது, கடை திறக்காது. பக்கத்து ஊர்களில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கியால் சுட்டு ஆட்கள் செத்தார்கள். இரண்டையும் நான் மறக்கவில்லை. அந்தப் போராட்டத்தின் நியாயத்தையும் தவறையும் எழுத என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு பகலை மட்டும் சொல்கிறேன்.

மறியல் தொடங்கி இரண்டாம் நாள் விடியற்காலை. ராமாயி அக்காவின் தம்பி அண்ணாமலை மலையிலிருந்து நடந்தே வந்து டாக்டரம்மா வீட்டு வாசலில் நின்றார். ஊருக்குப் போயிருந்த அக்கா, கடுக்காய் பொறுக்கும்போது பாறையில் சறுக்கி விழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை.

டாக்டரம்மா எனக்கு ஆள் விட்டார். நான் போனபோது ஒரு பலகையும் துணிச் சுருள்களும் எடுத்து வைத்திருந்தார். ஓட்டுபவருக்குப் பக்கத்து முன்சீட்டைக் கழற்றினேன். பெரிய ரோட்டை விட்டு, வயல் ஓரத்து வண்டிப் பாதைகளில் புகுந்து அடிவாரம் சேர்ந்தோம். மலைப்பாதையில் மரம் எதுவும் விழவில்லை.

ராமாயி அக்கா குடிசைக்குள் பாயில் கிடந்தார். முகம் வெளுத்திருந்தது. டாக்டரம்மா அவர் கால் கட்டைவிரலைக் கிள்ளினார்.

"தெரியுதா?"

"தெரியுது. வலிக்குது."

"வலிக்கட்டும். நல்லது."

என்னை வெளியே அழைத்துவந்து மெல்லச் சொன்னார். "முதுகெலும்பு உடைஞ்சிருக்கு. நரம்பு இன்னும் தப்பிச்சு நிக்குது. ஒரு பெரிய குலுக்கல் போதும், ரெண்டு காலும் போயிடும். புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஜீப்புல ஏத்தினா நான் பொறுப்பில்ல. உன் வண்டி தாங்குமா?"

தாங்கும் என்றேன்.

இறக்கம்

பலகையில் படுக்கவைத்து, துணியால் கட்டி, முன்பக்கத்திலிருந்து பின்சீட்டு வரை நீளமாக உள்ளே வைத்தோம். டாக்டரம்மா பின்னால் குறுகி உட்கார்ந்து அவர் தலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். மேலே போகும்போது வந்த அண்ணாமலைக்குத் திரும்பி வர இடமில்லை.

அவ்வளவு மெதுவாக நான் என் வாழ்நாளில் வண்டி ஓட்டியதில்லை. ஒவ்வொரு கல்லையும் பார்த்துச் சக்கரத்தை வைத்தேன். பின்பக்கம் அமுங்கியது, எழுந்தது, அடங்கியது. ஒவ்வொரு வளைவு முடிந்ததும் டாக்டரம்மா "விரல் அசைங்க ராமாயி" என்பார். "அசையுது" என்று குரல் வரும். அந்தக் குரலுக்காகவே அடுத்த வளைவுக்குப் போனேன். பழைய ஐந்து பட்டையோடு இதே ரோட்டில் இவரை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு கூடவே வந்துகொண்டிருந்தது.

கள்ளக்குறிச்சியைச் சுற்றிக்கொண்டு, துருகம் தாண்டி, ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராம ரோட்டில் திரும்பினோம். உச்சி வெயில். அங்கே ஒரு பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. ஒரு பக்கம் கிளைகள், மறுபக்கம் முழங்கால் ஆழத் தண்ணீரோடு வாய்க்கால். மரத்தின் மேலும் நிழலிலும் முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள்.

புளியமரத்துக்கு இந்தப் பக்கம்

நான் இறங்கினேன். ஒருவர் வழி மறித்தார்.

"நீ இன்னா ஆளு?"

அந்த நாட்களில் அந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொன்னவர்களின் கதைகளைக் கேட்டிருந்தேன். நான் அவர்கள் சாதி ஆள் இல்லை.

அதற்குள் தலையில் துண்டு கட்டிய இன்னொருவர் காருக்குள் குனிந்து பார்த்தார். உயரமான மனிதர். என் வயதுதான் இருக்கும். உள்ளேயிருந்து ராமாயி அக்கா, "மலையிலருந்து வரோம் சாமி. முதுவு ஒடிஞ்சிட்ச்சு" என்றார்.

அவர் நிமிர்ந்து, என்னைக் கேட்டவரைப் பார்த்தார். "டேய், கேக்கற நேரமாடா இது? அந்தாண்ட போ."

பிறகு டாக்டரம்மாவிடம், "பலகையோட தூக்கி அந்தாண்ட வுட்டுடலாங்களா?" என்றார்.

"அந்தப் பக்கம் வண்டி இல்லையே. அதோட, இவங்களை இன்னொரு தடவை அசைக்கவே கூடாது."

அவர் காரைச் சுற்றி வந்தார். ஃபைபர் உடம்பை விரலால் தட்டினார். "இது இன்னா, பொம்ம காரு மாரி கீது. வண்டியோட தூக்கிடலாண்டா!"

"ஆடக் கூடாதுங்க" என்றார் டாக்டரம்மா. "கொஞ்சம்கூட."

"ஆடாதும்மா. வருசா வருசம் சாமி தூக்கறவங்க நாங்க. மட்டம் தப்பாது."

மரத்தை நகர்த்த வைத்திருந்த இரண்டு கழிகளைச் சேஸுக்கு அடியில் நுழைத்தார்கள். எங்கே தாங்கலாம் என்று நான் படுத்துக் காட்டினேன். இருபது பேருக்கு மேல் தோள் கொடுத்தார்கள். டாக்டரம்மா உள்ளேயே இருந்தார். அந்த உயரமான மனிதர் முன்னால் நின்று, "மெல்ல... மெல்ல... எடது பக்கம் எறக்காத" என்று சொல்லிக்கொண்டே வாய்க்காலுக்குள் பின்னோக்கி நடந்தார். சேற்றில் கால் புதைய, கார் தண்ணீருக்கு மேலே மிதந்து போவது போலப் போயிற்று. "விரல் அசையுதும்மா" என்று ராமாயி அக்கா தானாகவே சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அக்கரையில் இறக்கும்போது பின்பக்கத்துக் கழி வழுக்கி அந்தக் குறுக்கு ராடின்மேல் அழுந்திவிட்டது. ராடு வளைந்துபோனது. நான் அடியில் நுழைந்தேன். அவரும் கூடவே நுழைந்தார்.

"இது இன்னாத்துக்குங்க?"

"பின்னாடி அச்சு பக்கவாட்டுல ஓடாம புடிக்கும். இது இல்லன்னா வண்டி வாலை ஆட்டும்."

அவர் வெளியே கையை நீட்டி, "கடப்பாறைய குடுடா" என்றார். ரோட்டை வெட்டுவதற்காகக் கொண்டுவந்த கடப்பாறை. நான் ஒரு முனையைப் பிடிக்க, அவர் மல்லாந்து படுத்தபடி நெம்பினார். ராடு நிமிர்ந்தது. முழுக்க நேராகவில்லை, போதுமான அளவுக்கு. அவர் முகமெல்லாம் சேறு.

"ஒங்க பேரு?" என்றேன்.

"பேரு இன்னாத்துக்கு? கெளம்புங்க. அடுத்த எடத்துல மறிச்சா, ரிஷிவந்தியத்தாளுங்க தூக்கி வுட்டாங்கன்னு சொல்லுங்க."

சொன்னோம். அடுத்த இரண்டு இடங்களில் அது போதுமானதாக இருந்தது. பொழுது சாயும் நேரத்துக்குப் புதுச்சேரி சேர்ந்தோம். படம் எடுத்துப் பார்த்த பெரிய டாக்டர், நரம்புக்குச் சேதமில்லை என்றார். அதைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்த வீட்டு வாசல்

ராமாயி அக்கா மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். பிறகு சுவரைப் பிடித்து நடந்தார். பிறகு கம்பு ஊன்றி. கம்பு ஊன்றி வரத் தொடங்கிய வாரத்தில், "என்னத் தூக்குன ஆளப் பாக்கணும்" என்றார்.

மூன்று பேரும் அதே காரில் போனோம். அக்கா பின்சீட்டில்தான் உட்காருவேன் என்றார். மரம் கிடந்த இடத்துக்கு அருகே டீக்கடையில் விசாரித்தேன். பெயர் தெரியாதே என்று தயங்க வேண்டியிருக்கவில்லை. காரைப் பார்த்ததுமே கடைக்காரர், "பொம்ம காரு! ஏழுமலைதானே வேணும்?" என்று வழி காட்டினார்.

கூரை வீடு. கார் நின்றதும் வாசலில் இருந்த பெண் எழுந்து கதவோரமாக ஒதுங்கிவிட்டார். போலீஸ் என்று நினைத்திருக்கிறார்.

"அவுரு இங்க இல்லீங்க. மரம் வெட்டுன கேசுல உள்ள கீறாரு. ரெண்டு மாசமாச்சி."

டாக்டரம்மா நாங்கள் யார் என்று சொன்னார். அந்தப் பெண் கதவை விட்டு முன்னால் வந்தார். பிறகு மளமளவென்று பேசினார்.

"ஒவ்வொரு தபா பாக்கப் போவும்போதும் கேக்கறாரும்மா. 'அந்த மலையாளு அம்மா பொழச்சாங்களா, யாருனா சொன்னாங்களா'ன்னு. எனக்கு இன்னா தெரியும்? தெரிலன்னு சொல்லிக்கினு வருவேன். தூக்கும்போது ஆட்டிட்டோமோன்னு அவருக்கு ஒரே இது."

டாக்டரம்மா உடனே, அன்று நடந்ததைக் கோர்ட்டில் வந்து சொல்வதாகச் சொன்னார். நானும் வருவதாகச் சொன்னேன். பின்னால் இரண்டு பேரும் போய்ச் சொல்லவும் செய்தோம். அதனால்தானோ வேறு காரணத்தாலோ, ஏழுமலை அதிக நாள் உள்ளே இருக்கவில்லை.

ஆனால் அன்று ராமாயி அக்கா எங்கள் பேச்சுக்குக் காத்திருக்கவில்லை. நான் முன்சீட்டை மடக்குமுன்பே அவசரப்பட்டார். இறங்கி, கம்பைக் காரின்மேல் சாய்த்து வைத்தார்.

"எம்மா, பொழச்சிட்டாங்கன்னு மட்டும் போய்ச் சொல்லாத. இங்க பாரு."

வாசலிலிருந்து தெருக்குழாய் வரை நடந்தார். திரும்பி நடந்து வந்தார். இடது கால் லேசாக இழுத்தது. கை எதையும் பிடிக்கவில்லை.

அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, இன்னொரு தபா நடங்களேன். நல்லாப் பாத்துக்கினு போயி அவராண்ட சொல்றேன்."

ராமாயி அக்கா இன்னொரு முறை நடந்தார்.